நாங்கள் வெட்டி எறிந்த ‘லாம்’

தம்பிமார், தங்கச்சிமார் எல்லாருக்கும்,

வானொலியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அனுபவத்திலிருந்து நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். மைக்குக்கு முன்னால் மூச்சை எப்படி எடுப்பது, கோபமாகக் கூப்பிடுகிற நேயரை எப்படிச் சமாளிப்பது என்று சிரிக்கச் சிரிக்க எழுதத்தான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நிகழ்ச்சியைக் கேட்டபின் அந்த எண்ணம் போய்விட்டது. எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு கட்சிக்குப் புதுத் தலைவர் தெரிவாம். நாலு பேர் போட்டியாம். நீங்கள் இரண்டு பேர் இருந்து ஒவ்வொருவருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டீர்கள். கடைசியில், ‘இவர் வந்தாரெண்டால் எங்கட ஆக்களின்ர கதை முடிஞ்சுது’ என்று சிரித்தீர்கள். சிரிப்பு முடிய ஒரு பாட்டு.

நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. அது நான் சிரித்த சிரிப்பு. அதனால்தான் இவ்வளவு கோபம். உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி என்று பங்கு பிரிக்க எனக்குத் தெரியவில்லை. ஆகவே முழுவதையும் இந்தக் கடிதத்தில் கொட்டுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் படித்துப் பட்டம் வாங்கி இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. பெற்றோல் ஸ்டேஷனில் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி தமிழ் வானொலி கேட்டவன். அறிவிப்பாளர் விடுகிற பிழையை எல்லாம் கூப்பிட்டுச் சொல்லிக் கரைச்சல் கொடுத்தவன். ‘அவ்வளவு தெரிஞ்சால் நீங்களே வந்து வாசியுங்கோ’ என்று அவர்கள் எரிச்சலில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். பிறகு இருபது வருஷத்துக்கு மேல் வெளியே வரவில்லை. நேயர்களின் வாய்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அவர்கள் சொல்கிற ஒவ்வொரு நல்ல கதையையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வேன். மனோர் பார்க்கிலிருந்து ஒரு அம்மா கூப்பிடுவார். ‘தம்பி, கெதியாச் சொல்லு, என்ர கறி உன்ர செய்திக்காகக் காத்துக்கொண்டிருக்காது’ என்பார். செய்தி எழுத அதைவிட நல்ல பாடம் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஜெர்மனியில் ஒரு பெரிய கட்சியின் தலைவர் விலகப்போவதாக அறிவித்தார். மிக நீண்ட காலம் இருந்த மனிதர். அங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பலருக்கு அந்தக் கட்சிக்கு வேறு தலைவர் இருந்ததே நினைவில் இல்லை. அவருடைய இடத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அவருடன் கூடவே இருந்து வேலை செய்த பெண். இரண்டாவது ஒரு வழக்கறிஞர், பேச்சில் நெருப்பு. மூன்றாவது ஒரு முன்னாள் நகர மேயர், பேச்சே இல்லை. பெயர்கள் உங்களுக்குத் தேவையில்லை. இந்தக் கதையில் அவர்கள் மூன்று பேரும் ஒரு குற்றமும் செய்யவில்லை. செய்தது எல்லாம் நாங்கள், கடலுக்கு இந்தப் பக்கம், டூட்டிங்கில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே எங்கள் நிலையத்தில் இருந்தபடி.

முதல் செய்தியிலேயே சறுக்கினேன். தலைவர் தனக்குப் பிறகு அந்தப் பெண் வருவதை விரும்புகிறார் என்பதை, ‘தலைவரின் வாரிசு’ என்று எழுதி வாசித்துவிட்டேன். வாசித்து முடிய முன்னமே அழைப்புகள். எங்கள் வானொலியை இணையத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸ் எல்லாம் கேட்கும்.

‘அவருக்கு மகள் இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது, அண்ணை. நாங்கள் இஞ்சை இருவத்தஞ்சு வருஷமா இருக்கிறம்.’

‘மகள் இல்லை, கட்சியில கூட வேலை செய்தவ.’

‘அப்ப ஏன் வாரிசு எண்டனீங்கள்? எங்கட நாட்டுக் கட்சியெண்டு நினைச்சிட்டியளோ?’

எல்லாரும் சிரித்தோம். நானும் அதைக் கொப்பியில் எழுதினேன். எங்கள் பணிப்பாளருக்கு மட்டும் அதில் வேறு ஒன்று தெரிந்தது. அவர் என்னைவிட வயதில் சின்னவர், சுறுசுறுப்பானவர், ஒரு சின்ன வானொலியை மூடாமல் வைத்திருப்பதற்காகவே நித்திரை இல்லாமல் திரிந்தவர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

‘அண்ணை, ஜெர்மன் கட்சியைப் பற்றிச் சொல்ல இவ்வளவு கோல் வருகுதே. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் எடுங்கோ. மூண்டு பேரையும் ஒப்பிடுவம். ஆர் வெல்லுவினம், ஆர் எங்களுக்கு நல்லது. சனம் கூப்பிட்டு வோட் பண்ணட்டும்.’

‘எங்கட சனத்துக்கு அந்தக் கட்சியில வோட்டே இல்லையே, தம்பி.’

‘அதுக்குத்தான் எங்களிட்ட ஒரு வோட் இருக்கட்டுமே.’

நான் அந்தப் பதிலையும் ரசித்தேன். எனக்கு அதுதான் வியாதி. ஒருவன் வாயிலிருந்து நல்ல பதில் வந்தால் அதன் பின்னால் போய்விடுவேன், அது எங்கே கூட்டிக்கொண்டு போகிறது என்று பார்க்கமாட்டேன்.

ஒரு பெரிய தாளில் கட்டம் கீறினோம். மேலே மூன்று பெயர். பக்கத்தில் வரிகள்: அனுபவம், பேச்சு, கட்சிக்குள் ஆதரவு. இவை எல்லாம் பத்திரிகைகளில் இருந்தன, நிரப்பினேன். கடைசி வரி, பணிப்பாளர் சொன்னபடி, ‘எங்களுக்கு’. அந்த வரிக்கு எங்கேயும் தகவல் இல்லை. மூன்று பேரில் ஒருவரும் தமிழரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவர்களுக்கு நாங்கள் இருக்கிறோம் என்றே தெரியுமோ தெரியாது. ஆனால் கட்டம் கீறிவிட்டால் நிரப்பாமல் விட மனம் வராது. வெறுமையாக இருந்தால் நாங்கள் வேலை செய்யவில்லை என்பது போல் தெரியும். பெண்ணுக்கு ‘பரவாயில்லை’ என்று போட்டேன். மேயருக்கு ‘நல்லவர்’. எதை வைத்து? படத்தில் முகம் சாதுவாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

வழக்கறிஞருக்கு மட்டும் ஒரு துண்டு கிடைத்தது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் நாடு திரும்புவதைத் துரிதப்படுத்துவது பற்றி யோசிக்க வேண்டும் என்று எங்கோ ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறார். அதை வைத்து இப்படி எழுதினேன்: ‘இவர் வந்தால், தற்காலிக வதிவிட அட்டையுடன் இருப்பவர்களைத் திருப்பி அனுப்பலாம்.’

பணிப்பாளர் பேனாவால் ‘லாம்’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார்.

‘அனுப்பலாம் எண்டால் நாங்கள் அனுப்பச் சொல்லி அனுமதி குடுக்கிற மாதிரி இருக்கு, அண்ணை.’

‘அப்ப அனுப்பக்கூடும் எண்டு போடுவம்.’

‘கூடும் எண்டு சொல்ல இது என்ன, மழை வருமோ எண்டு சொல்லுற நிகழ்ச்சியோ? நேராப் போடுங்கோ. அனுப்புவார்.’

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ‘அனுப்பலாம்’ என்பதற்குத் தமிழில் இரண்டு கருத்து இருப்பது உண்மை. அவர் சொன்னதில் பிழை இல்லை. அதனால்தான் நான் ஏமாந்தேன். மொழி தெரிந்தவன் என்ற கர்வம் எனக்கு. ஒரு மொழிப் பிரச்சினையை அழகாகத் தீர்த்துவிட்டதாக நினைத்தேன். ‘அனுப்புவார்’ என்று திருத்தி எழுதினேன். சத்தமாக வாசித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மூச்சு எடுக்க வசதியாக, கடைசி எழுத்தில் குரல் இறங்கி நிற்க ஏதுவாக. ஒரு மனிதன் செய்யாத, செய்வதாகச் சொல்லாத ஒன்றை அவன் தலையில் கட்டியது எனக்கு உறைக்கவில்லை.

ஒருவருக்கு உறைத்தது. எங்கள் ஒலிப்பதிவைப் பார்த்த செந்தில், மதுரைப் பக்கத்துப் பிள்ளை. கிழமை நாட்களில் ஐ.டி. வேலை, ஞாயிறில் எங்களிடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

‘அண்ணே, ஒரு டவுட்டு. அந்தக் கட்சி இப்ப ஆட்சியிலயே இல்லையே?’

‘ஓம், இல்லை.’

‘அப்ப இவர் கட்சிக்குத் தலைவரா வந்தாலும் யாரை அனுப்ப முடியும்? கவர்ன்மென்ட் அவர் கையில இல்லையே.’

‘அடுத்த தேர்தலில வருவினம் எண்டு சொல்லுகினம்.’

‘ஆமா, அது அடுத்த தேர்தல்ல. நம்ம விளம்பரத்துல ஜெர்மனியின் அடுத்த தலைவர் யாருன்னு ஓடுது. கட்சியின்னு ஒரு வார்த்தை சேர்த்துப் பேசிடவா?’

‘விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கு. நேரம் இல்லை, தம்பி.’

நேரம் இருந்தது. நிகழ்ச்சி தொடங்க இருபது நிமிஷம் இருந்தது. ஒரு வார்த்தை சேர்க்க இரண்டு நிமிஷம் காணும். நான் அந்த இருபது நிமிஷத்தில் தேத்தண்ணி குடித்தேன்.

நிகழ்ச்சி பிரமாதமாகப் போனது. அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள். சனம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ‘மூண்டு பேரும் டை கட்டினவை, எனக்கு ஒரே ஆள் மாதிரித்தான் கிடக்கு’ என்றார் ஒருவர். ‘ஆர் வந்தாலும் எங்களுக்கு ஃபோர்ம் ஒண்டு தான் கூடப்போகுது’ என்றார் ஸ்ருட்கார்ட்டிலிருந்து ஒரு அக்கா. அந்த அக்கா சொன்னதுதான் அந்த மணித்தியாலத்தில் சொல்லப்பட்ட ஒரே உண்மை. அதை நாங்கள் பகிடியாக எடுத்து, சிரித்துவிட்டு, அடுத்த அழைப்புக்குப் போனோம். யார் வெல்லுவார் என்று கேட்டதற்குப் பெரும்பாலானவர்கள் வழக்கறிஞர் என்றார்கள். ஏன் சொன்னார்கள்? பயத்தில் சொன்னார்கள். பயத்தை யார் கொடுத்தது? ‘அப்ப கேட்டுக்கொண்டிருக்கிற ஜெர்மன் வாழ் உறவுகளே, பெட்டியைத் தூசு தட்டி வையுங்கோ’ என்றேன் நான். அப்போதுதான் அந்தச் சிரிப்பு. அதற்குப் பிறகு ஒரு பாட்டு.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தார். வதனி என்று வைத்துக்கொள்வோம். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். பெயரையும் ஊரையும் மாற்றினால் எழுதுங்கோ என்றார், மாற்றியிருக்கிறேன். சட்டன் என்ற இடத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து சீருடையோடு அப்படியே வந்திருந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

‘ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியைப் பற்றிக் கதைச்சது நீங்கள்தானே, அண்ணை?’

‘ஓம், நான்தான்.’

ஏதோ பாராட்டு வரப்போகிறது என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

‘என்ர தம்பி ரமணன் டோர்ட்முண்டில இருக்கிறவன். தற்காலிக அட்டை. நேற்று அவனுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில கூப்பிட்டிருந்தவை. ரெண்டரை வருஷமாக் காத்திருந்த நாள். இந்த முறை நிரந்தரமாக் கிடைக்கும் எண்டு லோயர் சொன்னவ. அது கிடைச்சால் மனுசியையும் பிள்ளையையும் வவுனியாவில இருந்து கூப்பிடலாம்.’

‘நல்லது தானே?’

‘அவன் போகேல்லை. புதன்கிழமையே பாரிசுக்கு ஓடிட்டான். அலுவலகத்துக்குப் போனால் அங்கையே வைச்சுப் பிடிச்சு அனுப்பிப்போடுவினம் எண்டு. ஆர் சொன்னது எண்டு கேட்டன். ரேடியோவில சொன்னவை எண்டான்.’

நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? ‘நாங்கள் அப்பிடிச் சொல்லேல்லையே.’ வாயில் தானாக வந்தது. வதனி போனை எடுத்து எங்கள் நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினார். என் குரல். கடைசி எழுத்தில் இறங்கி, அழகாக நின்றது.

எனக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரு தற்காலிகத் தாள் இருந்தது. பதினொரு வருஷம். மாதம் ஒரு முறை கையெழுத்து வைக்கப் போகும்போது, கதவுக்கு அந்தப் பக்கம் போனவன் இந்தப் பக்கம் வருவானா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். வாசலில் நின்ற யாராவது ஒருவர், ‘இண்டைக்கு உள்ளுக்கை ஆக்களை ஏத்துற வான் நிக்குதாம்’ என்று சொல்லிவிட்டால் காணும், கால் திரும்பிவிடும். இதெல்லாம் தெரிந்த மனிதன் நான். தெரியாத ஒருவன் அந்த வரியை எழுதியிருந்தால் மன்னிக்கலாம்.

வதனியின் போனிலேயே ரமணனைப் பிடித்தோம். பாரிசில் யாரோ ஒருவரின் அறையில் இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அது கட்சித் தலைவர் தெரிவு மட்டும்தான், தெரிவே நாளைக்குத்தான், அந்தக் கட்சி ஆட்சியில் இல்லை, அந்த மனிதர் அப்படிச் சொல்லவே இல்லை, நான்தான் கூட்டி எழுதினேன் என்று. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மிகவும் மரியாதையான பிள்ளை.

‘அண்ணை, ரேடியோவில ஒண்டு சொல்லுறியள். போனில வேற சொல்லுறியள். நான் எதை நம்புறது?’

‘இதைத்தான் நம்புங்கோ, தம்பி.’

‘இது அக்கா கெஞ்சினதால சொல்லுறியள். ரேடியோவில சொன்னது ஒருத்தரும் கெஞ்சாமல் சொன்னது.’ பிறகு சொன்னார்: ‘நீங்கள் சொன்னது பிழையெண்டால் அதையும் ரேடியோவில சொல்லுங்கோ. நான் திரும்பிப் போறன்.’

வதனி தம்பியின் வழக்கறிஞருடனும் பேசியிருந்தார். அந்த அம்மையார் அளந்து பேசுகிறவர். திங்கட்கிழமை காலை கதவு திறக்கும்போது அவர் அங்கே நின்றால், தவறிய நாளுக்குக் காரணம் எழுதிக் கொடுத்து இன்னொரு நாள் கேட்டுப் பார்க்கலாம், அதற்கு மேல் என்னால் ஒன்றும் உறுதி சொல்ல முடியாது என்றாராம். அவர் நாட்டை விட்டுப் போனது தெரியவந்தால் அதுவும் இல்லையாம். வெள்ளிக்கிழமை பின்னேரம், சனி, ஞாயிறு. அவ்வளவுதான் எங்கள் கையில் இருந்தது.

பணிப்பாளரிடம் போனேன்.

‘அடுத்த செய்தியில திருத்தம் வாசிக்கப்போறன்.’

‘என்னெண்டு?’

‘நாங்கள் பிழையாச் சொல்லிப்போட்டம் எண்டு.’

‘அண்ணை, ஒரு பெடியன் ஓடினதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? நாங்கள் ஓடச் சொன்னனாங்களோ? அது ஒரு ஒப்பீடு. கருத்து. பிழை எண்டு நாங்களே சொன்னால் நாளைக்கு எந்தச் செய்தியைச் சனம் நம்பும்? ஏற்கெனவே இந்த இடத்தை நடத்த நான் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாதோ?’

தெரியும். அதனால்தான் இரண்டு பேரும் இருந்து ஒரு நடுவழி கண்டோம். நடுவழி என்றால் எனக்கு இப்போது ஒவ்வாது. ஐந்து மணிச் செய்தியின் கடைசியில் நான் வாசித்தது இது: ‘ஞாயிறு நிகழ்ச்சியில் தெரிவிக்கப்பட்ட ஒரு கருத்தை நேயர்கள் சிலர் பிழையாக விளங்கிக்கொண்டதாக அறிகிறோம். அவ்வாறான அச்சத்துக்கு இடமில்லை.’

பிள்ளைகளே, இந்த இரண்டு வசனத்தையும் திரும்ப வாசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை எழுதியதைவிட இது மோசம். அன்று செய்தது கவனயீனம். வெள்ளிக்கிழமை செய்தது தெரிந்தே செய்தது. தெரிவித்தது யார் என்று அதில் இல்லை. என்ன கருத்து என்று இல்லை. பிழை விட்டவர் நேயர். நாங்கள் பெரிய மனதோடு அவருக்கு ஆறுதல் சொல்கிறோம். இப்படி எழுதத் தமிழில் எவ்வளவு வசதி இருக்கிறது பாருங்கள். ‘தெரிவிக்கப்பட்ட’ என்று போட்டால் தெரிவித்தவன் ஓடி ஒளிந்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ‘கூடும்’ என்று ஒரு சொல்லுக்கு இடமில்லை என்றவர்கள், வெள்ளிக்கிழமை மூடி மறைக்க எத்தனை சொல்லைத் தேடிப் பிடித்தோம்.

ஆறு மணிக்கு வதனி கூப்பிட்டார்.

‘தம்பி கேட்டவன்.’

‘என்ன சொன்னவர்?’

‘நான் பிழையா விளங்கிக்கொண்டனானாம் அக்கா எண்டு சொல்லிச் சிரிச்சவன். பிறகு போனை ஓஃப் பண்ணிட்டான்.’

சனிக்கிழமை காலை வேளைக்கே போனேன். பணிப்பாளரிடம் கேட்கவில்லை. செந்திலைக் கூப்பிட்டேன், அவருக்கு அன்று வேலை இல்லை, வந்தார். தாளில் எழுதியதைக் காட்டினேன். வாசித்துவிட்டு, ‘அண்ணே, நேத்து மாதிரி இல்லாம இதுல நான்னு எழுதியிருக்கீங்க’ என்றார்.

‘ஓம்.’

‘வேலை போயிடுமே.’

‘போகட்டும்.’

‘சரி. மைக் ஆன் பண்றேன்.’

மத்தியானச் செய்திக்கு முன்னால், தலைப்புகளுக்கும் முன்னால் வாசித்தேன். போன ஞாயிறு மூன்று வேட்பாளர்களை ஒப்பிட்டபோது, அவர்களில் ஒருவர் வந்தால் தற்காலிக அட்டை உள்ளவர்களை அனுப்புவார் என்று நான் சொன்னேன். அது பொய். அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் கூட்டி எழுதினேன். இது கட்சித் தலைவருக்கான தெரிவு, ஆட்சி மாற்றம் இல்லை. உங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தால் தயவுசெய்து உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். இதைக் கேட்டு யாராவது போகாமல் விட்டிருந்தால் அந்தப் பிழை என்னுடையது. இவ்வளவும் சொல்லி என் பெயரையும் சொன்னேன். ஒரு நிமிஷமும் ஆகவில்லை. அதை ஒவ்வொரு மணித்தியாலமும் திரும்ப வாசித்தேன்.

பணிப்பாளர் பாதியில் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார். கத்தவில்லை. ‘நல்லாச் செய்தியள், அண்ணை’ என்று மட்டும் சொன்னார், எப்படிச் சொன்னார் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அடுத்த கிழமையிலிருந்து என்னைப் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சிக்கு மாற்றினார். எட்டு மாதம் வாழ்த்து வாசித்தேன். அதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெள்ளிக்கிழமைக்காக இருக்கிறது.

அன்று பின்னேரம் ஜெர்மனியிலிருந்து முடிவு வந்தது. வழக்கறிஞர் தோற்றுப்போனார். மேயர் வென்றார், அந்தப் பேச்சே இல்லாதவர். எங்கள் கட்டத்தில் அவர் மூன்றாவது. நாங்கள் ஒரு மணித்தியாலம் இருந்து ஒப்பிட்டதில் ஒன்றுகூடச் சரியில்லை. அதற்கு ஒரு நேயர்கூடக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு எரிச்சல் தருகிற விஷயம் அதுதான். ஊகம் பிழைத்தால் கேள்வி இல்லை, அடுத்த ஞாயிறு புதுக் கட்டம் கீறலாம். கேட்டவன் வீட்டில்தான் அது நின்றுவிடுகிறது.

ஞாயிறு மத்தியானம் வதனி கூப்பிட்டார்.

‘தம்பி ரெயின் ஏறிட்டான், அண்ணை. டோர்ட்முண்டுக்கு.’

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையும் வந்தது.

‘கேட்டவரோ? நேற்று நான் வாசிச்சதை?’

‘இல்லை. அவன் வெள்ளிக்கிழமையே உங்கட ரேடியோவைப் போனில இருந்து அழிச்சுப்போட்டான். நான் கேட்டுப்போட்டுச் சொன்னனான், அதுக்கும் நம்பேல்லை. நீ போகாட்டில் நான் வேலையை விட்டுப்போட்டு நாளைக்குப் பாரிசில வந்து நிப்பன் எண்டு அழுதனான். அக்கா வேலையை விடக்கூடாது எண்டு போறான்.’

திங்கட்கிழமை கதவு திறக்கும்போது ரமணன் அங்கே நின்றார். பாரிசுக்குப் போனது தெரியவரவில்லை. ஆனால் அவருடைய விஷயத்தைப் பார்த்த அலுவலர் விடுமுறையில் போய்விட்டார், அடுத்தவர் கோப்பை முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார், பிறகு ஒரு கடிதம் காணாமல் போனது. அந்த வியாழக்கிழமை கையில் கிடைத்திருக்கக்கூடியது கிடைக்க இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. அந்த இரண்டு வருஷமும் மனைவியும் மகளும் வவுனியாவில் இருந்தார்கள். கிடைத்திருக்கக்கூடியது என்றுதான் எழுதுகிறேன். அன்று போயிருந்தால் கட்டாயம் கிடைத்திருக்கும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது என் சுமையைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

அந்த இரண்டு வருஷத்தில் வதனி என்னை இடைக்கிடை கூப்பிட்டார். ஏசுவதற்கு இல்லை. தம்பிக்கு வந்த கடிதத்தில் ஒரு சொல் விளங்காவிட்டால் கேட்பார். எனக்கும் ஜெர்மன் விளங்காது. தெரியாது, வதனி, லோயரிட்டக் கேளுங்கோ என்பேன். அவர் சரி என்று வைத்துவிடுவார். நான் தெரியாது என்று சொல்கிறேனா என்று பார்க்கத்தான் கூப்பிட்டாரோ என்று சில வேளை தோன்றும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு புதன்கிழமை கூப்பிட்டார். நான் திரும்பவும் செய்திக்கு வந்திருந்தேன்.

‘தம்பிக்குக் கிடைச்சிட்டுது, அண்ணை. மனுசியும் பிள்ளையும் வாற மாதம் வருகினம்.’

எனக்கு வாயெல்லாம் பல். இருபது வருஷப் பழக்கம், கை தானாக நிகழ்ச்சித் தாளை இழுத்தது.

‘வதனி, ரெண்டு மணிக்குச் சொல்லவோ? பெயர் சொல்லாமல். ஒரு பாட்டும் போடுவம், அவருக்குப் பிடிச்சதைச் சொல்லுங்கோ.’

மறுமுனையில், வதனி வேலை செய்கிற இடத்தில் யாரோ ஒரு வயதானவர் எதையோ கேட்பதும், அவர் ‘ஒரு நிமிஷம்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதும் கேட்டது.

‘வேண்டாம், அண்ணை. அவனைப் பற்றி நீங்கள் ஒண்டும் சொல்லாமல் விட்டால் காணும்.’